வாயில்லாப் பிராணியின் வயிற்று நோய்



நம் வீட்டில் வளரும் நாயை 'வாயில்லாப் பிராணி' என்று இரக்கத்தோடு குறிப்பிடுகிறோம். உண்மையில் அதற்கு வாய் உண்டு. எதைக் கண்டாலும் தின்னத் துணியும் வாய். அதற்கு இல்லாதது பேச்சு ஒன்றுதான். எங்கே வலிக்கிறது, நேற்றுத் தெருமுனையில் எதைத் தின்றாய் என்று கேட்டால், அது வாலை ஆட்டுமே யன்றி விடை சொல்லாது. ஆகவே, மிக எளிதாகத் தோன்றும் வயிற்று நோயே சில வேளைகளில் கண்டுபிடிக்க மிகவும் அரிதான நோயாக ஆகிவிடுகிறது. ஒரு முறை வந்து நீங்கும் நோய் வேறு. போனது போலப் போய் மீண்டும் மீண்டும் வரும் நோய் வேறு. இந்த இரண்டாம் வகையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகள் கால்நடை மருத்துவனாகப் பணி செய்தவன். காலையில் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும் நாய்களுள் பல, வாந்தியோடும் கழிச்சலோடும் வருவனவே. அவற்றை அழைத்து வருவோர் பலரும் சொல்வது ஒன்றுதான்: "போன மாதமும் இப்படித்தான் இருந்தது, ஐயா. மருந்து கொடுத்தோம், நின்றுவிட்டது. இப்பொழுது மறுபடியும் வந்துவிட்டது." இந்த 'மறுபடியும்' என்னும் சொல்லை அவர்கள் சலிப்போடு சொல்வார்கள். மருத்துவனோ அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவான். ஒரு நாள் கழிச்சலைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் மூன்று மாதங்களில் ஐந்து முறை வந்த கழிச்சலை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றிடையே உள்ள தொடர்பு புலப்படும். அத்தொடர்பே நோயின் காரணத்தைக் காட்டும்.

முதலில், நாய் உண்ட உணவு எவ்வழியே செல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாய் நம்மைப் போல மென்று உண்பதில்லை. கிழித்தும் நொறுக்கியும் விழுங்கிவிடும். நம் உமிழ்நீர் சோற்றிலுள்ள மாவுப்பொருளை வாயிலேயே செரிக்கத் தொடங்கும். நாயின் உமிழ்நீருக்கு அந்தத் திறன் இல்லை என்றே சொல்லலாம். இரைப்பையில் கடுமையான அமிலம் உணவைக் கரைக்கிறது. பின்பு சிறுகுடலின் தொடக்கத்தில் இரு சாறுகள் வந்து கலக்கின்றன. ஒன்று கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர். மற்றொன்று கணையத்திலிருந்து வரும் கணையநீர். மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிறு துகள்களாக உடைக்கும் நொதிகள் கணையநீரில் இருக்கின்றன. அவ்வாறு உடைந்த சத்துகளைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதிலுள்ள நீரைப் பெருங்குடல் ஈர்த்துக்கொள்ள, மீதம் மலமாக வெளியேறுகிறது.

நாய் ஊன் உண்ணும் விலங்காயிற்றே, அதற்குச் சோறு செரிக்குமா என்று சிலர் ஐயுறுவர். 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாவைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாயிடம் அதைவிடப் பல மடங்கு இருப்பதை அவர்கள் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் உண்டு மிஞ்சியதை உண்டு பழகிய காலத்தில், நாயின் உடலே நம் உணவுக்கு ஏற்ப மாறியிருக்கிறது. ஆகவே நன்கு குழைய வெந்த சோறு நாய்க்குப் பகையன்று. ஆனால் சோறு மட்டுமே போதுமான உணவும் அன்று.

இங்கே ஒரு வரலாற்றையும் நினைவுகூர்தல் தகும். நம் வயிற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி நாயின் வயிற்றிலிருந்து கற்றதே. உருசிய அறிஞர் பாவ்லோவ், செரிமான நீர்கள் எவ்வாறு சுரக்கின்றன என்பதை நாய்களைக் கொண்டு ஆராய்ந்து, 1904-இல் நோபல் பரிசு பெற்றார். 1889-இல் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை நீக்கிப் பார்த்தபோது, அதற்கு நீரிழிவு நோய் கண்டது. அந்த வழியில் சென்ற ஆராய்ச்சியே 1921-இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் இன்சுலினைக் கண்டறிவதில் முடிந்தது. அங்கும் சோதனைக்கு உள்ளானவை நாய்களே. ஆகவே நாயின் வயிற்று நோயைப் பொறுமையோடு ஆராய்வதை நாம் காட்டும் கருணை என்று எண்ண வேண்டா. பட்ட கடனைத் திருப்பித் தருவது என்றே எண்ணுவோம்.

இனி நோய்க்கு வருவோம். திடீரென வந்து ஓரிரு நாளில் தணியும் கழிச்சல் ஒரு வகை. குப்பையில் கிடந்ததைத் தின்றிருக்கலாம். உணவைத் திடீரென மாற்றியிருக்கலாம். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பதையும், விட்டுவிட்டு வருவதையும் மருத்துவர்கள் நாட்பட்ட நோய் என்பர். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயவை நான்கு.

முதலாவது, உணவுப் பழக்கம். 'நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அதில் உண்மையும் உண்டு. விருந்து நாளில் மிஞ்சிய ஆட்டுக் கொழுப்பையும் எண்ணெயில் பொரித்ததையும் ஒரே வேளையில் உண்ட நாய்க்குச் சில சமயம் கணையமே அழற்சி கொண்டு, உயிருக்கு ஆபத்து நேரும். பாலும் அப்படியே. குட்டியாக இருக்கையில் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி நிறைய இருக்கும். வளர வளர அது குறையும். வளர்ந்த நாய்க்கு அன்பு மிகுதியால் பால்சோறு ஊட்டி, கழிச்சல் கண்டதும் 'பாவம், இளைத்துவிட்டது' என்று இன்னும் கொஞ்சம் பால் ஊட்டும் வீடுகள் நம் நாட்டில் பல. வெந்த எலும்பு குடலில் குத்தும், அல்லது அடைத்துக்கொள்ளும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சே.

இரண்டாவது, குடற்புழுக்கள். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு என இவை பல. உருளைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும். நாடாப்புழுவின் ஒரு வகை நாயின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியின் வழியாக வருகிறது; தெள்ளை ஒழிக்காமல் புழுவை மட்டும் ஒழித்தால் அது திரும்ப வரும். கொக்கிப்புழுவோ குடற்சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாட்களில் இளம்புழுக்களாகி, நாயின் தோலையே துளைத்து உள்ளே புகும். மருந்து கொடுத்த நாயை அதே ஈரமண் முற்றத்தில் கட்டிவைத்தால் நோய் மீண்டும் வராமல் என்ன செய்யும்? மருந்தின் மேல் குறையில்லை, மண்ணில்தான் குறை. அன்றாடம் மலத்தை அள்ளி அகற்றினாலே பாதித் துன்பம் நீங்கும். இது நாயின் நலம் மட்டுமன்று. இப்புழுக்களின் இளநிலைகள் மனிதர் உடலிலும் புகுந்து தோலையும், சிறுவர்களின் கண்ணையுங்கூடத் தாக்கக் கூடும். நாயோடு விளையாடியபின் கைகழுவும் பழக்கம் ஆகவே இன்றியமையாதது.

மூன்றாவது, உணவு ஒவ்வாமை. பல மாதங்களாக உண்டு வந்த உணவே ஒரு நாயின் உடலுக்கு ஒவ்வாததாக ஆகிவிடலாம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை இவ்வகையில் அடிக்கடி காணப்படுபவை. இதை அறிவதற்கு எளிய இரத்தச் சோதனை ஒன்றையும் நம்ப இயலாது; சோதனை உணவே வழி. அந்த நாய் இதுவரை உண்ணாத ஒரு புரத உணவையும், ஒரு மாவுணவையும் தேர்ந்து, மருத்துவர் சொற்படி அவற்றையே கொடுத்து வரவேண்டும். வயிற்று நோய் உணவினால் வந்ததாயின் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் குணம் தெரியும். பின்பு பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோய் திரும்பினால் காரணம் உறுதியாயிற்று. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். உணவையும் மாற்றி, மருந்தையும் மாற்றி, இடையில் பாட்டி ஒரு பிஸ்கோத்தும் கொடுத்துவிட்டால், குணமானது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. இச்சோதனையில் வீட்டார் அனைவரும் ஒத்துழைக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வது வழக்கம்.

நான்காவது, உள்ளுறுப்புகளின் நோய். குடற்சுவரின் நாட்பட்ட அழற்சி, கல்லீரல் நோய், சிறுநீரக நோய், அட்ரீனல் சுரப்பியின் குறைபாடு, கணையத்தின் குறைபாடு முதலியவை வயிற்று நோயின் வேடத்தில் வரும். இவற்றை இரத்தச் சோதனை முதலிய வழிகளால் மருத்துவர்தாம் காண வேண்டும். ஆனால் எந்தச் சோதனையைச் செய்வது என்று தீர்மானிக்க, வீட்டில் உள்ளவர்கள் கண்டதே மருத்துவருக்குப் பெரிதும் உதவுகிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரி மாணவர் தம் நாயை என்னிடம் அழைத்து வந்தார். அது அல்சேஷியன் என்று நம் ஊரில் வழங்கும் ஜெர்மன் ஷெப்பர்டு இனம். வயது ஏறத்தாழ இரண்டு. எட்டு மாதங்களாக விட்டுவிட்டுக் கழிச்சல். பல இடங்களில் பல மருந்துகள் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் சில நாள் குறையும்; பின்பு திரும்பும். வீடு முழுவதும் நாற்றம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெற்றோர், நாயை எங்கேனும் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். மகன் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கியிருந்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் செய்தது ஒன்றுதான்: ஒரு நாற்பது பக்க நோட்டில், நாய் உண்டது, கழித்தது, அதன் எடை ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வந்தார்.

அந்த நோட்டை நான் புரட்டினேன். நாயின் தீனி வாரத்திற்கு வாரம் கூடிக்கொண்டே வந்தது. அப்படியிருந்தும் அதற்குப் பசி அடங்கவில்லை. தன் மலத்தையே தின்னவும் முற்பட்டது. எடையோ, ஞாயிறு தோறும் குறைந்து, நான்கு வாரங்களில் 26 கிலோவிலிருந்து 24 கிலோவுக்கு இறங்கியிருந்தது. மலம் அளவில் மிகுதி, வெளிறிய மஞ்சள் நிறம், எண்ணெய்ப் பசை. இரத்தமோ சளியோ ஒரு நாளும் இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணச் செய்தி. சேர்த்துப் பார்த்தால், உண்டது செரிக்கவே இல்லை என்பது தெளிவு. கணையம் நொதிகளைப் போதிய அளவு சுரக்காத நோயின் இலக்கணம் அது. இந்த இனத்து நாய்களில் இளவயதிலேயே அந்நோய் தோன்றுவதுண்டு. இரவு முழுதும் பட்டினி வைத்து எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். கணைய நொதியின் அளவு மிகமிகக் குறைவு என்று முடிவு வந்தது.

அதன்பின் மருத்துவம் எளிது. ஒவ்வொரு வேளை உணவிலும் கணைய நொதித்தூள் கலந்து கொடுக்க வேண்டும். குறைந்திருந்த பி12 உயிர்ச்சத்தை ஊசி வழியே ஏற்ற வேண்டும். நோய் முற்றும் தீருவதன்று. வாழ்நாள் முழுதும் அந்தத் தூள் வேண்டும். செலவும் உண்டு. அதையும் நான் மறைக்காமல் சொன்னேன். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "நோட்டை நிறுத்தாதே" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதங்களில் நாய் 30 கிலோவைத் தொட்டது.

அந்த நோட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாளும் நேரமும் வேண்டும். நாய் உண்டவை யாவும் வேண்டும். பக்கத்து வீட்டார் போட்ட துண்டு ரொட்டியும் அதில் அடங்கும். வாந்தி எடுத்தால், உண்டபின் எவ்வளவு நேரம் கழித்து, செரித்த உணவா செரியாத உணவா என்று குறிக்க வேண்டும். வயிற்றை உந்தி எடுப்பது வாந்தி. எவ்வித முயற்சியுமின்றி உணவு அப்படியே வெளியே விழுவது வேறு. அது உணவுக்குழாயின் குறையாக இருக்கலாம். மலத்தைப் பற்றியும் எழுதக் கூச வேண்டா. நாளைக்கு ஓரிரு முறை, அளவில் மிகுதி, உடல் மெலிவு என்றால் நோய் சிறுகுடலில் இருக்கலாம். அடிக்கடி, சிறிது சிறிதாக, முக்கி முக்கி, சளியும் செந்நிற இரத்தமும் கலந்து போனால் பெருங்குடலில் இருக்கலாம். கருந்தார் போன்ற மலம், மேற்குடலில் இரத்தக் கசிவைக் காட்டும். எடை பார்ப்பதும் கடினமன்று: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின்பு தனியே நின்று, கழித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது புதிய மலத்தைச் சுத்தமான சிறு புட்டியில் கொண்டு போங்கள். புழுமுட்டைகள் எல்லா நாளும் வெளிப்படுவதில்லை யாதலால், ஒரு சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் புழுவே இல்லை என்பது பொருளன்று.

குறிப்பு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. தண்ணீரும் தங்காமல் தொடர்ந்து வாந்தி, இரத்தக் கழிச்சல், ஈறுகள் வெளுத்தல், எழுந்திருக்க மாட்டாத சோர்வு ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்பொழுது ஒவ்வொரு மணியும் உயிர்க்கு ஆபத்து. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டால், 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ நோயாக இருக்கலாம். அது சில நாட்களிலேயே குட்டியை மாய்த்துவிடும். உரிய காலத்தில் போடும் தடுப்பூசியே அதற்குக் காப்பு.

மனிதர்க்குரிய மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் கூடவே கூடாது. பாராசிட்டமால் அதன் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். ஐபூபுரூபன் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். கழிச்சல் கண்டதும் வீட்டில் மிஞ்சியிருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கொடுப்பதும் தவறே. சாதாரணக் கழிச்சல் பெரும்பாலும் அம்மருந்து இல்லாமலே தணியும். தேவையின்றிக் கொடுத்த மருந்து குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, அடுத்த கழிச்சலுக்கு வழி வகுக்கும். நாய் உற்சாகமாக இருந்து கழிச்சல் மட்டும் இருந்தால், குழைந்த சோற்றையும், தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி அவித்த கோழியையும், உப்பும் மசாலாவும் இன்றி, சிறிது சிறிதாக நான்கைந்து வேளை கொடுக்கலாம். நல்ல தண்ணீர் எப்பொழுதும் அருகில் இருக்க வேண்டும். பழைய உணவுக்குத் திரும்பும்போதும், புதிய உணவுக்கு மாறும்போதும், ஒரு வார காலம் எடுத்துக்கொண்டு படிப்படியாக மாற்றுவதே முறை. புழு மருந்தை, குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே தொடங்கி, மருத்துவர் குறிக்கும் காலப்படி தவறாமல் கொடுங்கள்.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, அதன் பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்த முறை. மீண்டும் வரும் நோயில் நாம் பெரும்பாலும் கடைசிப் படியை மட்டுமே செய்கிறோம், ஒவ்வொரு முறையும் கழிச்சலை நிறுத்துகிறோம், காரணத்தைத் தேடுவதில்லை. தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. கண்ணும், பொறுமையும், ஒரு நோட்டும், உங்கள் வயதில் உங்களிடம் நிறைய இருக்கும் ஆர்வமும் போதும்.

நம் தமிழ்நாட்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எனப் பெயர் பெற்ற நாயினங்கள் உண்டு. தெருவில் பிறந்து நம் திண்ணையில் வளர்ந்த பெயரில்லா நாய்களும் உண்டு. வயிறு எல்லாவற்றுக்கும் ஒன்றே. உங்கள் வீட்டு நாய்க்கு மூன்றாவது முறையாகக் கழிச்சல் கண்டால், 'மறுபடியுமா?' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அன்றைய தேதியை எழுதுங்கள். அது தன் வாயால் சொல்ல முடியாததை, நீங்கள் அதற்காக எழுதி வைப்பீர்களானால், மருத்துவர் அதைப் படித்து விடை காண்பார்.